'மதிப்பிடு' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை சொற்கள்!



ஆங்கிலத்தில் 'எஸ்டிமேட்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. 'அசெஸ்' என்று ஒன்று, 'அப்ரைஸ்' என்று ஒன்று, 'எவால்யுவேட்' என்று ஒன்று. சிறிய அகராதியைப் புரட்டினால் இந்த நான்கிற்கும் 'மதிப்பிடு' என்ற ஒரே பொருள்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதை மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்குச் செல்பவர்கள், வினாவில் எந்தச் சொல் வந்தாலும் ஒரே மாதிரி விடை எழுதிவிட்டு வருகிறார்கள். பாடம் நன்றாகத் தெரிந்திருந்தும் மதிப்பெண் குறைந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. மனிதர்களைப் பற்றியும் நாம் இதே குழப்பத்தோடு பேசுகிறோம். அளந்து பார்க்க வேண்டிய இடத்தில் தீர்ப்பே சொல்லிவிடுகிறோம்.

இக்குழப்பம் மாணவியருக்கு மட்டும் உரியதன்று. நம் மாநிலத்தில் 2012-13ஆம் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை கொண்டுவரப்பட்ட முறைக்குத் 'தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு' என்று பெயர். அதன் இரு பகுதிகள் 'வளரறி மதிப்பீடு', 'தொகுத்தறி மதிப்பீடு' என்பன. ஆங்கிலத்தில் முழு முறைக்கு 'எவால்யுவேஷன்' என்றும், அதன் பகுதிகளுக்கு 'அசெஸ்மென்ட்' என்றும் வெவ்வேறு சொற்கள். தமிழில் மூன்றும் 'மதிப்பீடு' ஆகிவிட்டன. தமிழில் சொல்லுக்குப் பஞ்சம் என்று எண்ண வேண்டாம். கணித்தல், உரைத்துப் பார்த்தல், எடைபோடுதல், சீர்தூக்குதல், நயம் பாராட்டுதல், திறனாய்தல், தீர்ப்பிடுதல் என்று எத்தனையோ சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. எங்கே எது பொருந்தும் என்று அறிந்துகொள்வதே நம் வேலை.

அதற்கு ஓர் எளிய வழி உண்டு. இத்தகைய வினைச்சொல் ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு கேள்வியை வைத்திருக்கிறது. அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தால் சொல்லின் பொருள் தானே விளங்கும். அக்கேள்விகள் ஐந்து. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு உரியவை 'மெஷர்', 'எஸ்டிமேட்', 'கேஜ்' என்னும் சொற்கள்.

'மெஷர்' என்பது கருவி கொண்டு அளத்தல். துணியை முழக்கோலால் அளப்பதும், காய்ச்சலை வெப்பமானியால் அளப்பதும் இதுவே.

'எஸ்டிமேட்' என்பது முழுதும் அளக்க இயலாதபோது, தெரிந்ததைக் கொண்டு தெரியாததைக் கணித்தல். வீட்டில் சுவர் எழுப்ப வேண்டுமானால் மேஸ்திரியிடம் "எஸ்டிமேட் போட்டுக் கொடுங்கள்" என்கிறோம். அவர் நீள உயரம் பார்த்து, செங்கல் இத்தனை, சிமெண்ட் இத்தனை மூட்டை, ஆள்கூலி இவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்கிறார். அது முன்பின் ஆகலாம் என்பது இருவருக்கும் தெரியும். ஆயினும் அதன் பின்னே ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கே இல்லாமல் சொல்வதற்கு 'கெஸ்' என்று பெயர். நாம் 'குத்துமதிப்பு' என்பது பெரும்பாலும் 'கெஸ்' பக்கம் சாய்ந்ததே.

'எஸ்டிமேட்', 'எஸ்டீம்' ஆகிய இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. முன்னது அளவைக் கணித்தல், பின்னது ஒருவரை உயர்வாகக் கருதுதல். நம் 'மதி' என்னும் வினையும் அப்படியே இரு பொருளும் தருகிறது. பொருளின் மதிப்பைக் கணிப்பதும் மதித்தலே, பெரியோருக்கு மரியாதை செய்வதும் மதித்தலே. தொலைவான இரண்டு மொழிகள் ஒரே எண்ணத்தை இப்படி இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது வியப்பைத் தருகிறது.

'கேஜ்' என்ற சொல்லை நம் பெற்றோர் ரயில் பாதையிலிருந்து அறிவர். கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயில் 1931 முதல் மீட்டர் கேஜில் ஓடியது. 2004இல் அப்பாதை முழுதும் பிராட் கேஜுக்கு மாறியது. முன்னதில் தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர், பின்னதில் 1,676 மில்லிமீட்டர். இவ்வாறு திட்டமான அளவைக் குறிக்கும் இச்சொல், வினையாக வரும்போது நேரே அளக்க இயலாத ஒன்றை அறிகுறி கொண்டு அறிவதையும் குறிக்கும். பேச்சுப் போட்டியில் மேடையேறிய மாணவி, எதிரே இருப்போரின் முகங்களைப் பார்த்து அவர்களது மனநிலையை அறிகிறாளே, அது 'கேஜ்'. திருக்குறளில் 'அவையறிதல்' என்று ஓர் அதிகாரமே இதற்கு உண்டு.

2. என்ன விலை? என்ன நிலை?

'அப்ரைஸ்' என்பது விலை மதித்தல். விலை என்று பொருள்படும் லத்தீன் சொல் இதன் வேர். நகைக்கடன் தரும் வங்கிகளில் 'அப்ரைசர்' என்று ஒருவர் இருப்பார். நகையை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார், நிறுப்பார், கல்லின் எடையைக் கழிப்பார், பொன்னின் மதிப்பு இவ்வளவு என்பார். நகையில் 916 என்ற முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 916 பங்கு பொன், அதாவது 22 காரட். அந்த நகை பாட்டி தந்ததா, அழகான வேலைப்பாடு உடையதா என்பதெல்லாம் அவர் வேலையன்று. 'அப்ரைஸ்' செய்பவருக்கு விலை ஒன்றே கேள்வி.

ஆகையால் இச்சொல்லை மனிதர் மேல் ஏற்றும்போது எச்சரிக்கை வேண்டும். ஒருவருடைய பணியை 'அப்ரைஸ்' செய்யலாம், அலுவலகங்களில் ஆண்டுதோறும் செய்கிறார்கள். ஆளை 'அப்ரைஸ்' செய்யலாகாது. பெண் பார்க்க வந்த இடத்தில் எத்தனை சவரன் என்று பேசுவது, நகைக்கு உரிய வினையைப் பெண்ணுக்குச் செய்வதாகும். அதைத் தடுக்கவே 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது.

'அசெஸ்' என்பதன் வேர்ப்பொருள் 'அருகில் அமர்தல்'. நீதிபதியின் அருகில் அமர்ந்து அவருக்குத் துணை செய்தவரையும், பின்னர் வரியின் அளவை நிர்ணயித்தவரையும் 'அசெஸர்' என்றார்கள். இன்றும் மாநகராட்சி சொத்துவரி விதிக்குமுன் கட்டடத்தின் பரப்பு, அது அமைந்த தெரு, அதன் பயன்பாடு ஆகியவற்றைப் பார்ப்பதற்கு 'அசெஸ்மென்ட்' என்றே பெயர். இதிலிருந்து, ஒன்றன் இன்றைய நிலையைப் பல கோணங்களில் பார்த்து அறிதல் என்ற பொருள் விரிந்தது. மருத்துவர் நோயாளியின் நிலையை 'அசெஸ்' செய்கிறார். ஆசிரியை மாணவியின் கற்றலை 'அசெஸ்' செய்கிறார். இருவரும் அருகில் அமர்ந்தே அதைச் செய்ய முடியும். 'நிலை அறிதல்' என்று இதனைத் தமிழாக்கலாம்.

3. மெய்யா, பொய்யா?

'எக்ஸாமின்' என்ற சொல் தராசிலிருந்து வந்தது. தராசின் நடுமுள்ளுக்கு லத்தீனில் 'எக்ஸாமென்' என்று பெயர். முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உற்று நோக்குவதே 'எக்ஸாமின்'. நோக்குபவர் முள்ளைத் தொடலாகாது என்பதைக் கவனியுங்கள். நம் 'சீர்தூக்குதல்' என்ற சொல்லும் தராசுச் சொல்லே. இரவு செபத்தின்போது அன்றைய நாளை எண்ணிப் பார்க்கும் ஆன்ம சோதனைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான் வழங்குகிறது.

'டெஸ்ட்' என்பது ஒரு மண்கலத்தின் பெயரிலிருந்து வந்தது. பொன்னையும் வெள்ளியையும் உருக்கி மாசு பிரிக்கப் பயன்பட்ட கலம் அது. நாம் 'புடம் போட்டுப் பார்த்தல்' என்கிறோம். 'எக்ஸாமின்' என்பது உள்ளதை உள்ளபடி நோக்குதல், 'டெஸ்ட்' என்பது ஏதேனும் ஒன்றைச் செய்து பார்த்து உண்மையை வெளிக்கொணர்தல்.

நம் தேனாம்பேட்டையிலேயே இவ்வகைச் சொல் ஒன்று குடியிருக்கிறது. அண்ணா சாலையில் உள்ள கணக்காயர் அலுவலகத்தில் நடக்கும் பணி 'ஆடிட்', அதாவது தணிக்கை. பக்கத்து மெட்ரோ நிலையத்தின் பெயரில் வரும் 'ஏ.ஜி.' என்ற எழுத்துகள் இந்த அலுவலகத்தையே குறிக்கின்றன. 'ஆடிட்' என்பதன் வேர்ப்பொருள் 'கேட்டல்'. முற்காலத்தில் கணக்கை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டுச் சரிபார்த்தனர். எண்களை ஆராய்பவருக்கே செவி வேண்டியிருந்தது என்றால், மனிதரை ஆராய்பவருக்கு அது எவ்வளவு வேண்டும்!

4. எந்த அளவுக்கு நல்லது? ஏன்?

'எவால்யுவேட்' ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த சொல். முதலில் கணிதத்தில் வழங்கியது. இன்றும் கணித வினாத்தாளில் 'எவால்யுவேட்' என்றிருந்தால் 'மதிப்புக் காண்க' என்றே பொருள், ஓர் எண் விடையாக வந்தால் போதும். வரலாற்றிலோ இலக்கியத்திலோ அதே சொல் வந்தால் எண் போதாது. நன்மை எது, குறை எது, எந்த அளவுகோலால் அப்படிச் சொல்கிறோம் என்று காட்ட வேண்டும். அமெரிக்கக் கல்வியறிஞர் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956இல் கற்றலின் படிகளை ஆறாக வகுத்தபோது, 'எவால்யுவேஷன்' என்பதை ஆறாவதான உச்சிப் படியில் வைத்தனர். 2001இல் அந்த வரிசை திருத்தப்பட்டபோது 'படைத்தல்' மேலே சென்றது, இது ஐந்தாவதாயிற்று. நினைவில் வைத்தல் முதற்படியே. அதை மட்டும் செய்துவிட்டு ஐந்தாம் படிக்கு மதிப்பெண் எதிர்பார்ப்பது எப்படி?

'கிரிட்டிசைஸ்' என்ற சொல்லைக் கேட்டவுடன் குறை கூறுதல் என்று எண்ணுகிறோம். அன்றாடப் பேச்சில் அப்பொருள் உண்மையே. ஆனால் இதன் கிரேக்க வேருக்குப் 'பிரித்தல், தெரிந்து முடிவு செய்தல்' என்று பொருள். நம் வீட்டில் முறத்தில் அரிசியைப் புடைப்பது இந்த வேலைதான். புடைப்பவருக்கு அரிசியின் மேல் பகை கிடையாது. அரிசி வேண்டும் என்பதற்காகவே உமியைப் பிரிக்கிறார். கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய இசை, நடன விமர்சனங்களையும், மயிலாப்பூர் சபாக்கள் அஞ்சியும் ஆவலோடும் எதிர்பார்த்த சுப்புடுவின் விமர்சனங்களையும் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். குறையை மட்டும் சொல்லியிருந்தால் யாரும் அவற்றைத் தேடிப் படித்திருக்க மாட்டார்கள். இலக்கியத்தில் இதனைத் 'திறனாய்வு' என்கிறோம்.

'ரிவ்யூ' என்றால் மீண்டும் பார்த்தல். புதுநூலுக்கு எழுதப்படும் மதிப்புரையும் 'ரிவ்யூ', நீதிமன்றம் தன் தீர்ப்பையே மறுபடி பார்க்கக் கோரும் சீராய்வு மனுவும் 'ரிவ்யூ'.

'அப்ரீஷியேட்' என்பதும் 'அப்ரைஸ்' போல விலை என்ற வேரிலிருந்தே பிறந்தது. ஆனால் இரண்டும் வளர்ந்த திசை வேறு. ஒன்று விலையைச் சொல்கிறது, மற்றொன்று அருமையை உணர்கிறது. தமிழ்த் தேர்வில் பாடலைக் கொடுத்து 'நயம் பாராட்டுக' என்கிறார்களே, அதுவே 'அப்ரீஷியேட்'. 'நன்றாக இருக்கிறது' என்று பத்து முறை எழுதுவது நயம் பாராட்டுதல் ஆகாது. எதுகை எங்கே, உவமை எங்கே, அவை பொருளுக்கு எப்படித் துணை செய்கின்றன என்று காட்ட வேண்டும். நிலத்தின் விலை ஏறுவதற்கும், கடிதத்தில் நன்றி கூறுவதற்கும் கூட இச்சொல் வழங்கும்.

5. முடிவு என்ன?

இறுதியாக 'ஜட்ஜ்'. நீதி, உரைத்தல் என்ற இரண்டு லத்தீன் சொற்கள் சேர்ந்து பிறந்தது இது. இந்த வரிசையில் மிகப் பரந்த சொல்லும் இதுவே. அண்ணா சாலையைக் கடக்குமுன் வரும் பேருந்தின் தூரத்தையும் வேகத்தையும் மனத்தால் கணிப்பதும் 'ஜட்ஜ்', கோலப் போட்டியில் பரிசுக்கு உரியவரைத் தேர்வதும் 'ஜட்ஜ்', நீதிமன்றத்தில் தீர்ப்பளிப்பதும் 'ஜட்ஜ்'. மூன்றிலும் பொதுவானது முடிவு கட்டுதல். ஆதலால் மற்ற வினைகளெல்லாம் முடிந்த பின்னரே இது வர வேண்டும். 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகப் பொறுப்பேற்று, 1997 முதல் 2001 வரை நம் மாநில ஆளுநராகவும் விளங்கிய ஃபாத்திமா பீவி போன்றோர் அமர்ந்த இருக்கை, இரு தரப்பையும் கேட்டு முடிக்கும் வரை வாய் திறவாத இருக்கையாகும்.

மலைப்பொழிவில் நம் ஆண்டவர், பிறரைத் தீர்ப்பிட வேண்டாம் என்று போதித்தார். யோவான் நற்செய்தியிலோ, வெளித்தோற்றத்தைப் பார்க்காமல் நீதியோடு தீர்ப்பிடும்படி கூறுகிறார். இவை ஒன்றுக்கொன்று முரண் அல்ல. இரண்டு இடத்திலும் கிரேக்க மூலத்தில் உள்ள வினை, மேலே கண்ட 'பிரித்தல்' என்ற வேர்தான். நன்மை தீமையைப் பிரித்தறிவதை அவர் தடுக்கவில்லை. உண்மை அறியாமல் ஆளைக் குற்றவாளியாக்குவதையே தடுக்கிறார்.

சிலம்பு கற்பிக்கும் பாடம்

இந்த வினைகளின் வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கோவலன் சிலம்பை விற்க மதுரைக் கடைவீதிக்குச் சென்றான். பொற்கொல்லன் செய்ய வேண்டியிருந்தது 'அப்ரைஸ்' மட்டுமே. அவனோ அரசியின் சிலம்பைத் தானே திருடியிருந்ததால், அப்பழியைக் கோவலன் மேல் சுமத்தினான். அரசன் செய்ய வேண்டியிருந்தது 'எக்ஸாமின்'. அதைச் செய்யாமல் நேரே 'ஜட்ஜ்' செய்தான், கோவலன் வெட்டுண்டான். பின்னர்க் கண்ணகி தன் மற்றொரு சிலம்புடன் அவைக்கு வந்து 'டெஸ்ட்' நடத்தினாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துப் பரல்கள், கோவலன் கொண்டுவந்த சிலம்பை உடைத்தபோது தெறித்தது மாணிக்கப் பரல். தன் தீர்ப்பைத் தானே 'ரிவ்யூ' செய்த பாண்டியன் அரியணையிலேயே உயிர் துறந்தான்.

சிலம்பை உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? சில நொடிகள். அந்தச் சில நொடிகள் தீர்ப்புக்கு முன்னே வராமல் பின்னே வந்ததால் ஒரு குடும்பமும் ஓர் அரசும் ஒரு நகரமும் அழிந்தன. மெரினா கடற்கரையில் 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவப்பட்டு, 2001இல் அகற்றப்பட்டு, 2006இல் மீண்டும் வைக்கப்பட்ட கண்ணகி சிலையைப் பார்க்கும்போது, அவள் கையில் உயர்த்திப் பிடித்திருப்பது ஒரு சான்று என்பதை நினையுங்கள்.

தேர்வு அறையிலும் வீட்டிலும்

தேனாம்பேட்டைக்கு 2018இல் மெட்ரோ ரயில் வந்தது. அதைப் பற்றி ஐந்து வினாக்கள் கேட்கலாம். 'டிஸ்க்ரைப்' என்றால் நிலையம் எப்படி இருக்கிறது என்று வருணிக்க வேண்டும். 'எஸ்டிமேட்' என்றால் ஒரு மணி நேரத்தில் ஏறுவோரை எண்ணி, ஒரு நாளில் எத்தனை பேர் ஏறுவர் என்று கணிக்க வேண்டும். 'அசெஸ்' என்றால் அண்ணா சாலை நெரிசலில் அதனால் என்ன மாற்றம் என்று நிலை அறிய வேண்டும். 'எவால்யுவேட்' என்றால் கட்டணம், நேரம், முதியோருக்கான வசதி முதலிய அளவுகோல்களை வைத்து, சான்று காட்டி, நிறை குறைகளைச் சீர்தூக்க வேண்டும். 'ஜட்ஜ்' என்றால் பேருந்தா மெட்ரோவா என்று முடிவு கூற வேண்டும். பொருள் ஒன்று, விடைகளோ ஐந்து!

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மேல்நிலைத் தேர்வு முடிவு வந்தபின் மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று இரண்டு வாய்ப்புகள் உண்டு. மறுகூட்டலில் மதிப்பெண்களை மீண்டும் கூட்டிப் பார்க்கிறார்கள், மறுமதிப்பீட்டில் விடைகளையே மீண்டும் படிக்கிறார்கள். மதிப்பெண்ணுக்கும் மறுபார்வை வேண்டியிருக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையும் 2017இல் கைவிட்டது. மதிப்பெண் என்பது ஒரு நாள், ஒரு தாளில் எழுதிய விடைகளின் 'அசெஸ்மென்ட்'. அதை வைத்து "உனக்குப் படிப்பு வராது" என்று சொல்வது 'ஜட்ஜ்மென்ட்'. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவினால், சிலம்பை உடைத்துப் பார்க்காத பாண்டியனின் பிழையையே நாமும் செய்கிறோம்.

பயிற்சி

பொருத்தமான ஆங்கில வினையைக் கூறுக:

1. கல்யாணச் சமையலுக்கு எத்தனை கிலோ அரிசி வேண்டும் என்று சமையற்காரர் கணித்தார்.
2. அடகுக்கு வந்த வளையலின் விலையை மதித்தார்.
3. குடத்து நீரில் மருந்தைக் கலந்து, அது நல்ல நீரா என்று பார்த்தனர்.
4. மாணவி ஒரு பாடலின் நயத்தைப் பாராட்டினாள்.
5. மழைநீர்ச் சேகரிப்புத் திட்டத்தின் பயனை அளவுகோல்களோடு சீர்தூக்கினர்.
6. பேச்சுப் போட்டியில் முதற்பரிசு யாருக்கு என்று முடிவு செய்தார்.

விடைகள்: 1. எஸ்டிமேட் 2. அப்ரைஸ் 3. டெஸ்ட் 4. அப்ரீஷியேட் 5. எவால்யுவேட் 6. ஜட்ஜ்.

மாணவியரே, வினாத்தாள் கைக்கு வந்ததும் முதலில் வினைச்சொல்லைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். அது கேட்கும் கேள்விக்கு மட்டும் விடை எழுதுங்கள். தோழியைப் பற்றி ஏதேனும் சொல்ல நா எழும்போதும் அவ்வாறே செய்யுங்கள். நான் அளந்தேனா, ஆராய்ந்தேனா, அவள் சொல்வதைக் கேட்டேனா என்று உங்களையே வினவுங்கள். இம்மூன்றும் முடியும் வரை 'ஜட்ஜ்' காத்திருக்கட்டும்.